பாரம் உள்ளது மாறும்

14 ஜனவரி 2001, ஞாயிறு

இந்தக் கொப்பியில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று பொங்கல் பானைமேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். பானை என்பது மின்சாரச் சோற்றுச் சட்டி. கை சுட்டுவிட்டது. ஆகவே சத்தியம் பலமானது.

நான் சூரியனுடைய தலைமைத் துப்புரவாளர். சிரிக்க வேண்டாம். வடக்கு ஒன்டாரியோவில் ஒரு நிக்கல் சுரங்கம். அதற்குள் இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் ஓர் ஆய்வுகூடம். அங்கே பத்து மாடி உயரக் குகை, அதன் நடுவில் கனநீர் நிரப்பிய பளிங்குக் குடம், குடத்தைச் சுற்றி ஒன்பதாயிரத்துச் சொச்சம் கண்ணாடிக் கண்கள். எல்லாம் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற துணிக்கையைக் காண்பதற்காக. அது மலையையும் மனிதரையும் என் தொப்பையையும் ஒன்றுபோல ஊடுருவிக்கொண்டு போய்விடும். அதற்குப் பாரம் உண்டா இல்லையா என்று எழுபது வருடமாகப் பெரிய மூளைகள் சண்டை பிடிக்கின்றன.

கூடத்துக்குள் ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. தூசிக்குள் இருக்கிற கதிர்வீச்சு அந்தக் கண்களை ஏமாற்றிவிடும். எனவே உலக விஞ்ஞானம் ஒரு தட்டில், நானும் என் துடைப்பமும் மறு தட்டில். என் தட்டுத்தான் தாழ்ந்து நிற்கிறது.

கொப்பியைத் தந்தவர் எங்கள் மேற்பார்வையாளர் மார்கரெட். தூசி உதிராத விசேஷத் தாள். துடைத்த இடங்களை எழுதிவைக்கத் தந்தது. நான் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடம் இருக்கிறது. வைத்திலிங்கம் அருளம்பலம். நல்ல பெயர். பதின்மூன்று வருடமாகப் போடுகிறேன், இன்னும் தோள்பட்டையில் கொஞ்சம் இறுக்கம்.

22 ஜனவரி, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஆள் இறக்கும் கூண்டில் இறங்கினேன். சுரங்கத்து மனிதர் நாற்பது பேர், நடுவில் நான், ஊறுகாய்ப் போத்தலுக்குள் கடைசித் தேசிக்காய் மாதிரி. கீழே ஒன்றரைக் கிலோமீற்றர் சேற்றில் நடந்து, சப்பாத்தைக் கழுவி, உடுப்பெல்லாம் கழற்றி, முழுகி, அவர்கள் தரும் வெள்ளை உடுப்பும் தலைவலையும் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். மேலே இருந்து கொண்டு வந்த ஆளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, வேறு ஆளாக உள்ளே போகவேண்டும். இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் கனடாவில் இல்லை.

மத்தியானம் லூக் என்னோடு இருந்து சாப்பிட்டான். அவன் பௌதிகக்காரன், ஆறரை அடி, வீட்டுப் பாஷை பிரெஞ்சு. சூரியனிலிருந்து மூன்று புறப்பட்டால் இங்கே ஒன்றுதான் வந்துசேருகிறது என்றான். முப்பது வருடமாக இதே கணக்குத்தானாம்.

“மிச்சம் ரெண்டும் எங்கே?” என்று கேட்டேன்.

“காணாமல் போய்விட்டன.”

“பொலிசில் சொன்னீர்களா?”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு மூன்றாம் நடைபாதையை இரண்டு தடவை துடைத்தேன்.

4 பெப்ரவரி, ஞாயிறு

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. என் மூச்சு பனிக்கட்டியாகிக் காலில் விழுந்து பெருவிரல் வீங்கிவிட்டது. உடுப்புத் தோய்த்தேன். பருப்புக் காய்ச்சினேன். நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“ஹலோ, வைத்திலிங்கம் அருளம்பலம் வீடோ?” பெண்குரல். எங்கள் ஊர்த் தமிழ்.

“ஓம்.”

“அவர் நிக்கிறாரோ?”

நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். பல் வைத்தியருக்கும் குடிவரவுக்காரருக்கும் பீட்சாக் கடைக்கும் பதின்மூன்று வருடமாக மூச்சுவிடாமல் சொல்லிவருகிறேன். இன்றைக்கு வாய் வரவில்லை.

“நீங்கள் ஆர் பிள்ளை?”

“நான் துஷ்யந்தி. அளவெட்டி. அவற்றை மகள்.”

பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தது.

“அவர் நிலத்துக்குக் கீழை நிக்கிறார்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. நாக்கு ஓடிவந்து என்னைக் காப்பாற்றியது. “வேலையிலை. சுரங்கத்துக்குள்ளை.”

“அப்ப நீங்கள்?”

“நான் மாமா.”

“என்ன மாமா?”

“கூட இருக்கிற மாமா.”

மறுமுனையில் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. அழுகிற பிள்ளையின் மூச்சு. ஸ்கார்பரோவில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாளாம். வந்து ஆறு மாதம். நூலகத்துக் கணினியில் கனடாவின் தொலைபேசி இலக்கங்களையெல்லாம் தேடிப் பிடித்திருக்கிறாள். ஞாயிறு எடுக்கிறேன் என்றாள்.

5 பெப்ரவரி, திங்கள்

தரை துடைத்தேன். தூசி இல்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு

எடுத்தாள்.

“அப்பா மேலை வந்திட்டாரோ மாமா?”

“மேலை வாறதோ! அவர் அங்கை சூரியனுக்குக் காவல். அவர் கண்ணை மூடினால் சூரியன் அணைஞ்சு போம் எண்டு பெரிய விஞ்ஞானியள் காலிலை விழுந்து கெஞ்சினம்.”

“பதின்மூண்டு வருசமா ஒரு கடிதம் போடேல்லையே.”

“கீழை கடதாசி கொண்டுபோகேலாது பிள்ளை. தூசி உதிரும். பேனையைக் கழுவிக் கழுவி மை போச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். “மாமா, நீங்கள் சரியான புளுகர்.”

“புளுகர் இல்லை. அகில உலகப் பாதாளத் துடைப்பாதிபதி.”

பிறகு, சிரிப்பு முடியுமுன்னமே கேட்டாள். “அப்பா எப்பவாவது என்ரை பேர் சொல்லுவாரோ?”

இங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் நியூயோர்க்கில், ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனின் நிலவறையில் எண்பத்தொரு நாள் ஒரே மெத்தையில் கால்மாறிப் படுத்த மனிதன் சொன்னதெல்லாம் என் காதுக்குள் இன்னும் கிடக்கிறது.

“பேர் சொல்லமாட்டார். செல்லாச்சி எண்டுதான் சொல்லுவார்.”

 அது வீட்டுக்குள் மட்டும் வழங்கின பெயராம். இனி நான் என்ன சொன்னாலும் நம்புவாள்.

25 பெப்ரவரி, ஞாயிறு

குளியலறைக் குழாய் உறைந்துவிட்டது. தலைமயிர் உலர்த்தியைப் பிடித்து இரண்டு மணித்தியாலம் நின்றேன்.

துஷ்யந்தி எடுத்தாள். தாய் இராசேஸ்வரி வவுனியாவில் இருக்கிறாவாம். பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் கதைத்தாவாம்.

“அம்மா இண்டைக்கும் பொட்டு வைக்கிறா மாமா. கோயிலிலை ஆரும் ஒருமாதிரிப் பாத்தால், அவர் வெளிநாட்டிலை எண்டு சொல்லிக்கொண்டு இன்னும் பெரிசா வைப்பா.”

“பாவம்.”

“இனி ஏன் பாவம்? அப்பா கிடைச்சிட்டார் எண்டு சொல்லிப்போட்டன். அழுதா. பிறகு, அவருக்குக் கத்தரிக்காய்க்குள்ளை மாங்காய் போட்டு ஆர் சமைச்சுக் குடுக்கினமோ எண்டு கேட்டா.”

“தோல் சீவாமல் போடவேணும்” என்றேன். என்னை அறியாமல்.

“ஓம் மாமா! அதைத்தான் அம்மாவும் சொன்னவ!”

இராசேஸ்வரி புதுச்சேலை எடுத்திருக்கிறாவாம். என்ன நிறம் என்று துஷ்யந்தி சொன்னாள். நான் இங்கே எழுதவில்லை.

7 மார்ச், புதன்

மார்கரெட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்த அம்மாவுக்குத் தூசிதான் மதம். கூடத்தில் ஒவ்வொரு நாளும் பசைநாடாவை ஒட்டி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, தூசியை எண்ணி எழுதுவார். எந்தத் தூசி எவருடைய தலையிலிருந்து விழுந்தது என்றுகூடச் சொல்லுவார். யமதர்மனின் கணக்கப்பிள்ளை இவரிடம் வந்து பயிற்சி எடுக்கவேண்டும்.

ஒரு படத்தைக் காட்டினார். நேர்கோடு. இரண்டு இடத்தில் மட்டும் முள்ளாக எழும்பியிருந்தது.

“தொண்ணூற்றொன்பது மார்ச். இரண்டாயிரம் ஏப்ரல் முதல் கிழமை. இரண்டும் சாம்பல். இரண்டும் நீ துடைத்த இடம். வருடத்தில் ஒரேயொரு நாள் நீ சாம்பலோடு வருகிறாய். ஏன் என்று கேட்கமாட்டேன். இந்த முறை தலையை இரண்டு தரம் முழுகு.”

அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு முள்தான் உலகத்திலேயே அந்த நாளைப் பற்றி யாரும் எழுதிவைத்த ஒரே குறிப்பு.

18 மார்ச், ஞாயிறு

வருகிறாளாம். கேட்கவில்லை, சொன்னாள். வரும் சனிக்கிழமை, 24 ஆம் திகதி. பன்னிரண்டரைக்கு வந்து சேரும் பஸ், அன்று பின்னேரமே திரும்பும் பஸ்.

“அப்பா மேலை வரேலாதெண்டால் நான் கீழை வாறன். நானும் முழுகிப்போட்டு வெள்ளை உடுப்புப் போடுறன்.”

நாட்காட்டியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வருடாவருடம் ஒருவர் அனுப்புவது. பங்குனி அமாவாசை ஞாயிறு, 25. நல்லது. சனி பின்னேரம் அவளை அனுப்பிவிட்டு ஞாயிறு என் காரியத்தைப் பார்க்கலாம். அவளுக்குச் சொல்ல ஒரு கதையும் தயார். அப்பாவைத் தென்துருவத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் பனிக்கட்டிக்குள் நியூட்ரினோ தேடுகிறார்கள். இதை முகம் மறைக்கத் தாடிகூட இல்லாத ஒருவன் நேருக்கு நேர் பார்த்து எப்படிச் சொல்வது என்று கண்ணாடிக்கு முன்னால் பழகினேன்.

கண்ணாடியில் நின்றவன் நம்பவில்லை.

23 மார்ச், வெள்ளி

ரொறொன்ரோக் கோயில் ஐயருக்குத் தர்ப்பை விஷயமாகப் போன் எடுத்தேன்.

“ஞாயிறோ? அது ஊர்ப் பஞ்சாங்கம். இஞ்சை அமாவாசை சனி பின்னேரத்தோடை முடிஞ்சிடும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை படையுங்கோ.”

பதின்மூன்று வருடமாக ஊர் நேரத்துக்கு இங்கே படைத்திருக்கிறேன். சோறு எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் போயிருக்கிறது. இந்த வருடமாவது நேரத்துக்குப் போகட்டும். பத்து மணிக்குப் படைத்து, பதினொன்றுக்குக் காகத்துக்கு வைத்து, பன்னிரண்டுக்கு எல்லாம் கழுவி ஒளித்துவிடலாம்.

24 மார்ச், சனி

காகம் வரவில்லை. அவள் வந்தாள்.

25 மார்ச், ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பத்து மணிக்கெல்லாம் சமையல் சரி. சோறு, பருப்பு, பயித்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க்குள் தோலோடு மாங்காய். மாங்காய் ரொறொன்ரோவிலிருந்து பஸ்சில் தனியாக வந்தது, அரசகுமாரன் மாதிரி. இலை போட்டு, விளக்குக் கொளுத்தி, அருளம்பலத்தின் படம் ஒட்டிய ஊர் அடையாள அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். திருநீறு பூசினேன். பிறகு ஒரு கிண்ணத்தில் சோறெடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

இந்த நாட்டுக் காகம் ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. மற்ற நாளில் குப்பைப் பையைக் கிழித்து என் பில்லுகளையெல்லாம் வாசிக்கும். நேற்று ஒன்றையும் காணவில்லை. முழங்காலளவு பனியில், சாரத்துக்கு மேல் குளிரங்கி போட்டுக்கொண்டு, “கா! கா! கா!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் யன்னல் திரையை மூடினார். காகம் எடுக்காமல் இலையை எடுக்கக்கூடாது. பதினொன்று. பதினொன்றரை. தொண்டை கட்டிவிட்டது.

“மாமா?”

திரும்பினேன். வீட்டுக்குள், அடுப்படி வாசலில், சிவப்புத் தொப்பி போட்ட பெண் நிற்கிறாள். யாரோ கூட்டாளியின் காரில் முன்னதாக வந்திருக்கிறாள். முன்கதவு பூட்டவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கை. பிறகு அட்டையை. பிறகு குனிந்து, கத்தரிக்காய்க் கறிக்குள்ளிருந்து மாங்காய்த் துண்டொன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். தோல் இருந்தது.

“இண்டைக்கு அமாவாசை” என்றாள்.

“ஓம்.”

“இது என்ரை அப்பா.”

நான் வாயைத் திறந்தேன். தென்துருவம் வரவில்லை.

“எப்ப?”

“எண்பத்தெட்டு.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். நானும் எதிரே இருந்தேன். கையில் சோற்றுக் கிண்ணம். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். ஏஜென்சிக்காரன் எங்கள் இரண்டு பேரையும் விடியப்புறம் அமெரிக்கப் பக்கத்துக் காட்டில் இறக்கிவிட்டதை. கியூபெக் பக்கத்தில் ஏற்றிப்போக ஒரு வான் வண்டி நிற்கும், ஏழு மணிவரைதான் நிற்கும் என்றதை. பனியை. அருளம்பலத்துக்கு ஏற்கெனவே காய்ச்சல் என்பதை. அவன் விழுந்ததை. நான் தூக்கியதை.

“எவ்வளவு தூரம் தூக்கினீங்கள்?”

“பன்னிரண்டு மைல். ஐஞ்சு யானைப் பாரம். பனி கழுத்தளவு.”

“மாமா, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

“...ஐஞ்சு மைல்.”

“முகத்தைப் பாருங்கோ.”

“மூண்டு தந்திக் கம்பத் தூரம்.”

“அதுக்குப் பிறகு?”

“முதுகிலையே சீவன் போட்டுது.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகுதான் மேசையில் கிடந்த மின்சாரப் பில்லைக் கண்டாள். அருளம்பலம் என்று பெயர் போட்டது. நூலகத்துக் கணினியில் கண்டதும் அதே பெயர்தான். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் சொல்லியும் தொலைத்தேன். அவனிடம், இராணுவம் அவனைப் பிடித்து வைத்திருந்ததற்குக் கடிதம் இருந்தது, பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அகதி வழக்கில் வெல்லக்கூடிய பத்திரம் எல்லாம் அவன் பையில். என்னிடம் என் வாய் மட்டும்.

“அப்ப கனடாவிலை அப்பா உயிரோடை இருக்கிறார்” என்றாள் மெதுவாக. “வோட்டுப் போடுறார். பல்லுப் பிடுங்கிறார். அதாலைதான் ஒருத்தரும் அவரைத் தேடேல்லை. அவரைச் சாகக்கூட விடேல்லை நீங்கள்.”



பின்கதவுக்கு வெளியே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. பெரியதொன்று, பனியில் இறங்கி நின்றது. அவள் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டுபோய் வைத்தாள். அது தின்று முடியும்வரை அங்கேயே நின்றாள். சாப்பிடவில்லை. போகும்போது கேட்டாள். “உங்கடை உண்மையான பேர் என்ன?”

“குகதாசன்.”

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு சொன்னபோது வேறு யாரையோ கூப்பிட்டதுபோல் இருந்தது.

26 மார்ச், திங்கள்

இரண்டு தரம் முழுகினேன். அப்படியும் பசைநாடாவில் சாம்பல் பிடித்துவிட்டது. மார்கரெட் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது முள்ளைக் கீறினார்.

14 ஏப்ரல், சனி

வருடப்பிறப்பு. பிட்டு அவித்தேன். துஷ்யந்தி எடுத்தாள். இப்போது மாமா என்று கூப்பிடுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் நேரே தொடங்குகிறாள்.

“அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை. புதுச்சேலையை இண்டைக்குக் கட்டியிருக்கிறா. எனக்கு அப்பா கிடக்கிற இடம் வேணும். இடம் இல்லாமல் அவவுக்கு என்னண்டு சொல்லுறது? நம்பமாட்டா. ஆரோ புளுகிறான் எண்டுவா.”

கியூபெக் பொலிசுக்கு எழுதப்போகிறாளாம். எண்பத்தெட்டு வசந்தத்தில் எல்லைக் காட்டில் அடையாளம் தெரியாத உடல் ஏதாவது கிடைத்ததா என்று. எந்த வீதி, எந்த ஊர்ப் பெயர்ப்பலகை, கம்பம் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டாள். சொன்னேன். எல்லாம் எனக்கு அச்சொட்டாகத் தெரிந்திருப்பதைக் கேட்டு எனக்கே பயம் பிடித்தது.

“அதுக்குப் பிறகு நீங்கள் பேரைத் திருப்பிக் குடுக்கவேணும்.”

“அனுப்பிப்போடுவாங்கள் பிள்ளை. அங்கை சண்டை.”

“தெரியும்” என்றாள். “நான் அங்கையிருந்துதான் வந்தனான்.”

20 மே, ஞாயிறு

பனி முழுக்கக் கரைந்துவிட்டது. நிலத்தில் கிடந்தது எல்லாம் வெளியே வந்திருக்கிறது. ஒரு கையுறை, ஒரு சாவி, சோற்றுக் கிண்ணத்தின் மூடி.

14 ஜூன், வியாழன்

கூடம் முழுக்கக் கல்யாண வீடுபோல ஒரு பரபரப்பு. திங்களன்று பெரிய அறிவிப்பாம். லூக் பெரிய ரகசியக்காரன்போல முகத்தை வைத்துக்கொண்டான். ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

“காணாமல் போனவை காணாமல் போகவில்லை” என்றான். “எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தன. வழியிலே வேறொன்றாக மாறிவிட்டன. பழைய பேரில் தேடினபடியால் நாங்கள் காணவில்லை.”

“அப்ப பாரம்?”

“அதுதான் விஷயம். பாரமே இல்லாத ஒன்றுக்கு நேரம் ஓடாது. புறப்பட்ட மாதிரியேதான் வந்துசேரும். மாறுகிறதென்றால் அதற்குப் பாரம் இருக்கத்தான் வேண்டும். எவ்வளவென்று தெரியாது. ஆனால் இருக்கிறது.”

 வாளித் தண்ணீர் கொஞ்சம் சிந்திவிட்டது. துடைத்தேன்.

17 ஜூன், ஞாயிறு

துஷ்யந்தி தொலைநகலில் நேற்று வேலைத்தலத்துக்கு அனுப்பியிருந்தாள். நாலு பக்கம். பொலிசின் பதில். பிரெஞ்சு. மேலே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தாள்: “அங்கை பிரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொன்னனீங்கள். என்ன எழுதியிருக்கெண்டு ஒழுங்கா கேட்டுச் சொல்லுங்கோ. மாமன் வீட்டுக்காரருக்குக் காட்ட விருப்பமில்லை.”

லூக்கின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் தோட்டத்தில் கதிரையில் இருந்து வாசித்தான். யாருடையது என்று கேட்டான். கூட்டாளியுடையது என்றேன்.

பெயர் தெரியாத ஆண். வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். 1988 ஏப்ரல் 19 அன்று, பனி கரைந்தபின், வீதிவேலைக்காரர் கண்டது. உயரம் ஐந்தடி ஆறு. எடை ஐம்பத்தொரு கிலோ. அந்த ஊர்ச் சேமக்காலையில் இலக்கம் போட்டு அடக்கம்.

பெயர் இல்லை. பாரம் எழுதியிருக்கிறார்கள்.

“இன்னும் இருக்கிறது” என்றான் லூக். குரல் மாறியிருந்தது. “அடிமரத்தில் சாத்தி வைத்த அடையாளம் இருந்ததாம், ஊர்ப் பெயர்ப்பலகையிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பத்தடியில். அவனுடைய கழுத்துத் துணி அங்கேதான் கிடந்ததாம். ஆனால் உடல் அங்கே இல்லை. ஒன்பதாவது கம்பத்தடியில். காற்சட்டை முழங்காலில் கிழிந்து, உள்ளங்கையெல்லாம் உரசல். வாகனம் நிற்கக்கூடிய ஒரு திருப்பம் பக்கமாகத் தவழ்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறார்கள்.”

லூக்கின் சின்ன மகள் குழாயைத் திறந்துவிட்டுப் புல்லில் ஓடிக்கொண்டிருந்தாள்.

“உன் கூட்டாளிக்கு இவன் என்ன முறை?” என்று கேட்டான்.

எழும்பி வந்துவிட்டேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

18 ஜூன், திங்கள்

இன்று அறிவித்துவிட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும். கீழே கேக் வெட்டினார்கள். துகள் உதிராத கேக்தான் வேண்டும் என்று மார்கரெட் பிடிவாதம் பிடித்ததால், மேலே போய்த் தின்றோம். எனக்கும் ஒரு துண்டு. மார்கரெட் என் தோளில் கைவைத்து, “இதில் பாதி உன் துடைப்பம்” என்றார். வேறு நாளென்றால் முழுவதும் என்று திருத்தியிருப்பேன்.

பின்னேரம் துஷ்யந்தி எடுத்தாள்.

“வாசிச்சாச்சோ?”

“வாசிச்சது.”

“அவரோ?”

“அவர்தான். ஊரும் சேமக்காலை இலக்கமும் இருக்கு.”

அழட்டும் என்று காத்திருந்தேன். அழவில்லை.

“வேறை என்ன எழுதியிருக்கு? மூண்டாம் பக்கம் முழுக்க ஏதோ கிடக்கே.”

இந்த உலகத்தில் அந்த மூன்றாம் பக்கத்தை அவளுக்குச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். வீதியின் அகலம் என்று சொல்லலாம். அன்றைய காலநிலை என்று சொல்லலாம். நான் சொன்னால் நம்புவாள். செல்லாச்சி என்ற சொல்லுக்குப் பிறகு நம்பத்தொடங்கிய பிள்ளை, இவ்வளவு நடந்த பிறகும் அந்த நம்பிக்கையின் ஒரு நூலை அறுக்காமல்தான் தொலைநகலை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

“எழுதி அனுப்புறன்” என்றேன். “வாயாலை சொன்னால் நான் புளுகிப்போடுவன்.”

19 ஜூன், செவ்வாய்

வேலைக்கு லீவு சொன்னேன். குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொன்னுத்துரை குகதாசன் என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்து நடுவில் தடுமாறியது, பழக்கமில்லை. 1988 மார்ச் மாதத்திலிருந்து ஊரில் காணாமல்போனவர் பட்டியலில் இருக்கிற ஒருவனை இன்று கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். கெட்டிக்காரன்தான்.

துஷ்யந்தி, இந்தக் கொப்பியை உனக்கு அனுப்புகிறேன், லூக் வாசித்துச் சொன்னதும் இதற்குள் இருக்கிறது. தூசி உதிராது, பயப்படாமல் திற. முதல் பக்கத்திலேயே சத்தியம் செய்திருக்கிறேன், ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று. நீயும் நம்பாதே. நான் சூரியனின் துப்புரவாளன் அல்ல. ஆட்டுக்குட்டி அளவில் காகம் கிடையாது. என் மூச்சு உறைந்து காலில் விழவில்லை. பன்னிரண்டு மைலும் பொய், ஐந்து மைலும் பொய், ஐந்து யானையும் பொய். உன் அப்பா ஐம்பத்தொரு கிலோ. முதுகிலேயே சீவன் போனது என்றதும் பொய்.

ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. மூன்றாவது கம்பத்தடியில் நான் இறக்கி வைத்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது. கழுத்துத் துணியை நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். பையை என்னிடம் தந்து, “ஓடிப்போய் வானை மறி மச்சான், நான் இதிலை இருக்கிறன்” என்றான். நான் ஓடினேன். வான் நின்றது. ஏறி இருந்தேன். எத்தனை பேர் என்று சாரதி கேட்டான்.

ஒருவர் என்றேன்.